பட்டிப்பொலவிலிருந்து கொழும்புக்கு 6.4 மைக்ரோசெக்கன்: திருத்தி எழுதிய ஓர் அட்டவணை

இலங்கை மலையகத்தில், ஹற்றன் பக்கத்துப் பாடசாலையொன்றில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். விஞ்ஞானக் கண்காட்சிக்கு 13ஆம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓர் அட்டவணை செய்து கொண்டுவந்தான். அதை மூன்று கிழமையாக உடைத்து, திருத்தி, திரும்ப எழுதினோம். அந்த மூன்று கிழமையில் நடந்ததுதான் இந்தப் பதிவு.

பெரிய வெள்ளை அட்டை. தலைப்பு: "பழைய மின்னியக்கவியலா, சார்பியலா? பரிசோதனைகளின் தீர்ப்பு." பழைய மின்னியக்கவியல் என்று அவன் எழுதியது ஐன்ஸ்டைனுக்கு முந்திய மின், காந்தக் கொள்கையை; சார்பியல் என்பது, நேரமும் தூரமும் பார்ப்பவரின் வேகத்தைப் பொறுத்து மாறும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கை. கீழே ஐந்து வரிகள்: சுருளும் காந்தமும், மைக்கல்சன்-மோர்லி, வேக இலத்திரன்களின் திணிவு, இலத்திரனின் உச்ச வேகம், மியூவன். இடது நிரலில் ஐந்து சிவப்புப் பிழைகள், வலது நிரலில் ஐந்து பச்சைச் சரிகள். எழுத்து அழகு, கோடு நேர். பார்த்ததும் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "சேர், இடது பக்கம் எல்லாம் பிழையென்றா, பரடே விதியும் பிழையா? சோதனைக்கு நாங்க பிழையானதையா எழுதப் போறோம்?"

சுருளுக்குள் போகும் காந்தப்புலம் மாறினால் அதில் மின்னோட்டம் பிறக்கும் என்பதுதான் பரடே விதி. வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அன்று பின்னேரம் அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் பிரச்சினை பிடிபட்டது. ஒவ்வொரு வரியிலும் பரிசோதனை எதை எதோடு ஒப்பிடுகிறது என்பதை அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சரி, முதல் வரியிலிருந்தே தொடங்குவோம் என்று முடிவெடுத்தோம்.

சுருளும் காந்தமும்

இதற்கு ஆய்வுகூடத்தில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எங்களிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. டவுனில் மோட்டார் கொயில் சுற்றும் கடையில் மிச்சக் கம்பி வாங்கி, ஒரு துண்டு பிவிசி குழாயில் மாணவர்களே சுற்றினார்கள். காந்தம், உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றியது. நடுவில் பூச்சியம் உள்ள கல்வனோமானி ஒன்று மட்டும் பாடசாலையுடையது. சரிவுப் பலகையில் ஒரு துரொலி. ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டிலிருந்து விடுவது.

முதலில் துரொலியில் காந்தம், கீழே அசையாமல் சுருள். முள் ஏழு பிரிவு விலகியது. அப்புறம் துரொலியில் சுருள், கீழே காந்தம். ஐந்தரை. திரும்ப விட்டோம், அதே ஐந்தரை. பையனுக்குச் சந்தோஷம்: "பாத்தீங்களா சேர், ரெண்டும் ஒண்ணு இல்ல!" மாணவி குனிந்து பார்த்துவிட்டு, சுருளிலிருந்து கல்வனோமானிக்குப் போகும் வயரைத் தூக்கிக் காட்டினாள். வயர் பலகையில் உரசி, துரொலியைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. மெல்லிய, நீளமான வயர் போட்டு, மேலேயிருந்து தொங்கவிட்டோம். ஏழு. இந்த வயர் பின்னால் இன்னோர் இடத்தில் ஞாபகத்துக்கு வரும்.

ஆக, எது அசைந்தாலும் முள் ஒரே மாதிரி விலகுகிறது. ஆனால் நாங்கள் இதற்கு இரண்டு விளக்கம் படிப்பிக்கிறோம். காந்தம் அசைந்தால்: காந்தப் பாயம் மாறுகிறது, அதனால் ஒரு மின்புலம் பிறக்கிறது, அது கம்பியிலுள்ள இலத்திரனைத் தள்ளுகிறது. சுருள் அசைந்தால்: மின்புலம் எதுவும் இல்லை, காந்தப்புலத்துக்குள் ஓடும் இலத்திரன் மீது காந்த விசை தாக்குகிறது. விளக்கம் இரண்டு, விடை ஒன்று. 1831இல் பரடே இதைக் கண்டதிலிருந்து எல்லாரும் இதோடு சமாதானமாக வாழ்ந்தார்கள். ஐன்ஸ்டைனுக்கு அது உறுத்தியது. 1905இல் அவர் எழுதிய கட்டுரையின் முதல் பந்தியே இந்தக் காந்தமும் கடத்தியும்தான். கட்டுரையின் தலைப்பில் 'சார்பியல்' என்ற சொல்லே கிடையாது. 'இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றி' என்றுதான் இருக்கும்.

அப்படியானால் இந்த வரியில் பழைய மின்னியக்கவியலுக்குப் பிழை போடலாமா? முடியாது. அது சொன்ன விடை சரி. சார்பியல் சொல்லும் விடையும் அதுவே. துரொலியின் வேகம் செக்கனுக்கு 30 சென்றிமீற்றர் என்று வைத்தால், ஒளியின் வேகத்தில் அது நூறு கோடியில் ஒரு பங்கு. இரண்டு கொள்கைக்கும் இடையில் வித்தியாசம் வருமென்றால், அது அந்தப் பங்கின் வர்க்கத்தில்தான் வரும். ஸ்பீக்கர் காந்தத்தையும் கல்வனோமானியையும் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க நினைப்பது, தேயிலைத் தராசில் மகரந்தத் தூள் நிறுக்கப் போவது போல. முதல் வரியிலிருந்த சிவப்புப் பிழை அழிக்கப்பட்டது. பையனுக்கு முகம் கொஞ்சம் வாடியது.

மைக்கல்சன்-மோர்லி

இந்த வரியில் கணக்கைக் கரும்பலகையில் போட்டே பார்த்தோம். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் செக்கனுக்கு 30 கிலோமீற்றர், ஒளியின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒளி ஈதர் என்ற ஊடகத்தில் ஓடுகிறது, பூமி அதைக் கிழித்துக்கொண்டு போகிறது என்றால், ஓட்டத் திசையில் போய்வரும் ஒளிக்கும் குறுக்கே போய்வரும் ஒளிக்கும் நேரம் வேறுபட வேண்டும். 1887இல் மைக்கல்சன், மோர்லி என்ற இருவர் பயன்படுத்திய கருவியில், கண்ணாடிகளுக்கிடையே திரும்பத் திரும்பத் தெறிக்கவைத்து, ஒவ்வொரு கையின் நீளத்தையும் 11 மீற்றர் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கருவியைச் செங்கோணத்தில் திருப்பினால் எதிர்பார்க்கும் பாதை மாற்றம்: 22 மீற்றரைப் பத்துக் கோடியால் வகுத்தால் 220 நனோமீற்றர். மஞ்சள் பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 550 நனோமீற்றர். ஆக, இரண்டு ஒளியும் சேரும்போது தெரியும் ஒளி-இருள் கோடுகளான தலையீட்டுப் பட்டிகள் 0.4 பட்டி அகலம் நகர வேண்டும்.

அவர்கள் கண்டது இதில் இருபதில் ஒரு பங்கைவிடக் குறைவு. பெரும்பாலும் நாற்பதில் ஒரு பங்கைவிடவும் குறைவு என்றே எழுதினார்கள்.

"இங்க பிழை போடலாம்தானே சேர்?" என்றான். யாருக்கு? மைக்கல்சனின் முடிவு வந்த சில ஆண்டுகளுக்குள் பிட்ஸ்ஜெரால்ட், லொரன்ஸ் என்ற இரு பௌதிகவியலாளர்கள் தனித்தனியே ஒரு விளக்கம் சொன்னார்கள்: ஓடும் திசையில் பொருள்கள் சுருங்குகின்றன. பொருளைப் பிடித்து வைத்திருப்பது மின் விசைதான். மின்னேற்றம் ஓடும்போது அதன் மின்புலம் நசுங்குவது, மின்னையும் காந்தத்தையும் சேர்த்து விபரிக்கும் மக்ஸ்வெல் சமன்பாட்டிலேயே இருக்கிறது. ஆகவே கருவியின் கையும் நசுங்கலாம். சமாளிப்பு என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. 1904இல் லொரன்ஸ் எழுதி முடித்தபோது, ஐன்ஸ்டைன் அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளப் போகும் அதே உருமாற்றச் சமன்பாடுகள் ஏறக்குறைய முழுமையாக அவர் கையில் இருந்தன. மிச்சத் திருத்தத்தை 1905இல் கணிதவியலாளர் புவன்காரே செய்தார். ஈதரை வைத்துக்கொண்டும் லொரன்ஸ் இந்த வரியில் தேறிவிடுகிறார்.

தோற்றது வேறொன்று: நியூட்டனின் நேரம், எல்லாருக்கும் ஒரே கடிகாரம் என்ற எண்ணம். நானுஓயா ஸ்டேஷனில் நிற்பவருக்கும் ரயிலில் போகிறவருக்கும் மணி ஒன்றே, ஆகவே வேகங்களைச் சும்மா கூட்டிக் கழிக்கலாம் என்ற அந்தப் பழைய கணக்கு. அதையும் மக்ஸ்வெலையும் ஒரே வீட்டில் வைக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டு இரண்டையும் சேர்த்து வைத்திருந்தது. மாணவனும் அந்த இரண்டையும் ஒரே நிரலில் போட்டுவிட்டான். அட்டவணையின் கோளாறு முழுவதும் அந்த ஒரு நிரலில்தான்.

கவுஃப்மன் சொன்ன 'இல்லை'

மூன்றாவது வரியில்தான் அதிக நாள் மினக்கெட்டோம். அட்டவணையில் "கவுஃப்மன், புக்கெரர்: வேகம் கூடத் திணிவு கூடும், சார்பியல் சரி" என்று ஒரே வரியில் எழுதியிருந்தான். நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை.

வோல்ட்டர் கவுஃப்மன் 1901இலிருந்து ரேடியத்திலிருந்து வரும் பீற்றாக் கதிர்களை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்து, புகைப்படத் தட்டில் விழும் வளைகோட்டை அளந்தார். ஒளியின் வேகத்துக்கு நெருங்கி ஓடும் இலத்திரன்கள் இயற்கையாகக் கிடைக்கும் இடம் அதுதான். அப்போது போட்டியில் இருந்த இரண்டு முக்கிய வாய்ப்பாடுகளில் ஒன்று மக்ஸ் ஆபிரகாமுடையது: இலத்திரன் சுருங்காத, விறைப்பான கோளம். மற்றது லொரன்ஸுடையது: ஓடும்போது சுருங்கும் இலத்திரன். ஐன்ஸ்டைன் வேறு வழியால் போய் லொரன்ஸின் அதே வாய்ப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். 1906இல் கவுஃப்மன் முடிவை அறிவித்தார்: அளவீடுகள் லொரன்ஸ்-ஐன்ஸ்டைன் அடிப்படையோடு ஒத்துப்போகவில்லை.

அந்த ஆண்டு லொரன்ஸ் புவன்காரேக்கு எழுதிய கடிதத்தில், இனி என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார். ஐன்ஸ்டைன் அசையவில்லை. 1907இல், ஆபிரகாமின் கொள்கை இந்த அளவீட்டோடு நன்றாகப் பொருந்துவதை ஒப்புக்கொண்டுவிட்டு, பரந்த நிகழ்வுத் தொகுதி ஒன்றை அது தழுவவில்லை, அதனால் அது சரியாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்று எழுதினார். இதைப் படித்ததும் பையன் கேட்டான்: "பரிசோதனை எதிரா இருந்தும் விடலயா? அது பிடிவாதம் இல்லையா சேர்?" பிடிவாதம்தான். இந்த இடத்தில் அது சரியாக வந்தது. எல்லா இடத்திலும் வராது.

பிளாங்க் அந்த அளவீடுகளைத் திரும்பக் கணக்குப் பார்த்து, தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அவை உறுதியாக இல்லை என்று காட்டினார். 1908இல் புக்கெரரின் அளவீடு லொரன்ஸ்-ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்தது. பாடநூல்கள் அதோடு கதையை முடித்துவிடும். ஆனால் 1938இல் சான், ஸ்பீஸ் இருவரும் அந்த வகைக் கருவியை ஆராய்ந்து, இரண்டு வாய்ப்பாட்டையும் பிரித்தறியும் நுட்பம் அதற்குப் போதாது என்று எழுதினார்கள். அதாவது கவுஃப்மனின் 'இல்லை' மட்டுமல்ல, புக்கெரரின் 'ஆம்' கூட அன்று நினைத்த அளவு பலமானது அல்ல. 1915இல் கீயும் லவான்ஷியும் எடுத்த அளவீடுகள், 1940இல் ரொஜர்ஸ் குழுவினர் எடுத்தவை என்று வந்துதான் விஷயம் ஒருபடியாக அடங்கியது.

மாணவி அமைதியாகச் சொன்னாள்: "அப்ப கவுஃப்மனுக்கும் எங்கயோ ஒரு வயர் உரசியிருக்கு."

இந்த வரியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆபிரகாம், லொரன்ஸ், ஐன்ஸ்டைன் மூன்று பேரும் கதிர் வளைவதைக் கணக்கிட ஒரே மக்ஸ்வெல் சமன்பாடுகளைத்தான் எடுத்தார்கள். சண்டை இலத்திரனின் வடிவத்தையும் இயக்கத்தையும் பற்றியது. மின்னியக்கவியல் இந்த வழக்கில் பிரதிவாதியே இல்லை.

நான்காவது வரி சுருக்கமானது. 1964இல் அமெரிக்காவில் வில்லியம் பெர்ட்டோஸி இலத்திரன்களை 8.4 மீற்றர் ஓடவிட்டு நேரம் அளந்தார். சக்தி 0.5 மெகா இலத்திரன்வோல்ற்றாக இருந்தபோது 32.3 நனோ செக்கன்; 15 ஆக்கியபோது 28.0. சக்தி முப்பது மடங்கு, நேரம் குறைந்தது நாலு நனோ செக்கன் சொச்சம். அந்தத் தூரத்துக்கு ஒளிக்கே 28 நனோ செக்கன் வேண்டும். நியூட்டன் கணக்குப்படி 15 மெகா இலத்திரன்வோல்ற்று இலத்திரன் ஒளியைப் போல 7.7 மடங்கு வேகத்தில் ஓடி, 4 நனோ செக்கனுக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். கொடுத்த சக்தி உண்மையிலேயே இலத்திரனிடம் போனதா என்ற சந்தேகம் வருமே. அதற்கு அவர் இலத்திரன்களை அலுமினியத்தில் மோதவிட்டு, அது எவ்வளவு சூடாகிறது என்றும் அளந்தார். அந்த வெப்ப அளவீடு எனக்கு நேர அளவீட்டைவிடப் பிடிக்கும். இங்கேயும் தோற்றது நியூட்டன்.

மியூவன்

கடைசி வரிக்கு எங்கள் ஊரே உதவியது.

1963இல் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இருவர், அமெரிக்காவின் வொஷிங்டன் மலையுச்சியில் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை மியூவன்கள் தங்கள் கருவிக்குள் வந்து நிற்கின்றன என்று எண்ணினார்கள். பிறகு கருவியை அமெரிக்காவிலேயே உள்ள கேம்பிரிட்ஜுக்கு, கடல் மட்டத்துக்கு இறக்கி எண்ணினார்கள். உயர வித்தியாசம் 1,907 மீற்றர். இந்த எண்ணைச் சொன்னதும் ஒரு பையன், அவனுடைய அப்பா ரயில்வேயில் வேலை, "பட்டிப்பொல ஸ்டேஷன் 1,898 சேர்" என்றான். எங்கள் ரயில் பாதையின் மிக உயரமான நிலையம் அது, போர்டிலேயே எழுதியிருக்கும். ஒன்பது மீற்றர்தான் குறைவு. அந்த நிமிஷத்திலிருந்து வொஷிங்டன் மலையை விட்டுவிட்டு, பட்டிப்பொலவிலிருந்து கொழும்புக் கடற்கரைக்கு நேர்குத்தாக விழும் ஒரு மியூவனைத்தான் வகுப்பு கணக்குப் போட்டது.

மியூவன் என்பது இலத்திரனின் பாரமான உறவுக்காரன், ஏறத்தாழ 207 மடங்கு திணிவு. வானத்தின் உச்சியில் அண்டக்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் துணிக்கைகளிலிருந்து வருகிறது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன். ஃபிரிஷும் ஸ்மித்தும் தெரிந்தெடுத்த மியூவன்கள் உச்சியில் ஒளியின் வேகத்தில் 99.5 வீதத்தில் ஓடின. 1,907 மீற்றர் இறங்க 6.4 மைக்ரோசெக்கன் ஆகும். ரயிலில் கொழும்பிலிருந்து ஏறிவர முழுப் பகலும் போய்விடும் என்பது வேறு விஷயம்.

உச்சியில் எண்ணியது மணிக்கு 568. சாதாரணக் கணக்குப்படி கீழே எத்தனை வர வேண்டும்? ஆயுள் 2.2, பயணம் 6.4, அடுக்குக்குறித் தேய்வு வாய்ப்பாட்டில் போட்டால் 31 வருகிறது. தாங்கள் அளந்த சிதைவு வளையியிலிருந்து அவர்கள் எடுத்த எண் 27. கீழே உண்மையில் எண்ணியது 412.

கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்த வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. 412 பேர் பிழைக்க வேண்டுமென்றால் மியூவனின் கடிகாரத்தில் 6.4 அல்ல, 0.7 மைக்ரோசெக்கன் சொச்சம்தான் ஓடியிருக்க வேண்டும். நேரம் எத்தனை மடங்கு மெதுவாகிறது என்று அவர்கள் கண்ட காரணி 8.8, பிழை எல்லை 0.8. காற்றில் வரும்போது மியூவன் வேகம் குறைவதையும் சேர்த்துச் சார்பியல் சொன்னது 8.4. மியூவன் பக்கமிருந்து பார்த்தால் அதன் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது, மலைதான் சுருங்கிவிட்டது. பட்டிப்பொலவுக்கும் கொழும்புக்கும் இடையில் அதற்குத் தெரிவது 216 மீற்றர். எங்கள் தோட்டத்து மலைகளில் கொழுந்துக் கூடையோடு தினம் ஏறி இறங்குகிற உயரம்.

இந்த வரியைத்தான் நான் ஐந்திலும் பெரிதாக மதிக்கிறேன். காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல. மைக்கல்சன் கருவியில் ஒளியும் மின்காந்தம், கல்லையும் இரும்பையும் கட்டிவைத்திருப்பதும் மின்காந்தம். ஆகவே லொரன்ஸ், "எல்லாம் மின் விசை செய்யும் வேலை" என்று சொல்லித் தப்பலாம். மியூவன் சிதைவது மின்காந்த விசையால் அல்ல. பீற்றாச் சிதைவுக்குப் பின்னால் இருக்கும் நலிந்த விசையால். மக்ஸ்வெலுக்கும் அந்தக் கடிகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியிருந்தும் அது மின்காந்தக் கடிகாரம் மெதுவாகும் அதே அளவில் மெதுவாகிறது. 1977இல் ஜெனீவாவில் மியூவன்களை வளையத்துக்குள் ஓடவிட்டு அளந்தபோது, காரணி 29.3, ஆயுள் 2.2இலிருந்து 64.4 மைக்ரோசெக்கனாக நீண்டிருந்தது. சார்பியலோடு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொருந்தியது.

லொரன்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டும். மற்ற விசைகளும் மின் விசையைப் போலவே மாறும் என்று 1904இலேயே ஒரு கருதுகோள் வைத்தார். ஆனால் அவருக்கு அது தனியாக வைக்க வேண்டிய கருதுகோள். புதிதாக ஒரு விசை கண்டுபிடிக்கும்போதெல்லாம் திரும்ப வைக்க வேண்டும். சார்பியலில் அப்படி வைக்க ஒன்றும் இல்லை. நேரமே அப்படி, எந்த விசையாக இருந்தாலும் தப்ப முடியாது. இரண்டையும் பிரிக்கும் பரிசோதனை ஒன்றைக் கேட்டால் என்னால் காட்ட முடியாது, சமன்பாடுகள் ஒன்றே. எதை நம்புவது சுலபம் என்று கேட்டால் மியூவனைக் காட்டுவேன். இது என் தீர்ப்பு. 1938இல் ஸ்டில்வெல்லோடு சேர்ந்து, ஓடும் ஐதரசன் அணுக்களின் ஒளியில் நேரம் மெதுவாவதை நேரடியாக அளந்த ஐவ்ஸ், கடைசிவரை ஐன்ஸ்டைனை ஏற்காமல் லொரன்ஸ் பக்கமே நின்றார்.

இனி அட்டவணை. "பழைய மின்னியக்கவியல்" நிரலை நெடுக்காக வெட்டி இரண்டாக்கினான். ஒன்று "மக்ஸ்வெல் சமன்பாடுகள்", மற்றது "நியூட்டனின் நேரமும் இயக்கவியலும்". முதலாவதில் நான்கு சரி, மியூவன் வரியில் "பொருந்தாது" என்று ஒரு கோடு. இரண்டாவதில் சுருளுக்கு "போதும்", மிச்ச நான்கும் பிழை. கவுஃப்மன் வரியில் 1906க்கு எதிரே ஒரு சிவப்புப் பிழை சார்பியல் நிரலிலேயே விழுந்தது. அதற்கு மேல் 1940 என்று பச்சை. ஓரத்தில் சின்னதாக, மக்ஸ்வெல் உண்மையிலேயே தடுமாறிய இடம் அணுவும் கரும்பொருள் கதிர்ப்பும், அது குவாண்டம் கதை என்று ஒரு குறிப்பு. அட்டை முன்னைப் போல அழகாக இல்லை. வெட்டி ஒட்டிய தடம் தெரிந்தது.

மாணவிக்கு நான் தர வேண்டியிருந்த பதிலையும் அப்போதுதான் சொன்னேன்: பரடே விதியைத் தைரியமாக எழுது.

கண்காட்சியில் நடுவராக வந்த ஆசிரியர் மியூவன் வரியில் 31க்குப் பக்கத்தில் பென்சிலால் 27 என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "எது சரி தம்பி?" என்றார். "31 நாங்க போட்ட கணக்கு சேர், 27 அவங்க அளந்ததிலயிருந்து எடுத்தது. ரெண்டுக்கும் 412 தூரம்" என்றான். அவர் தலையாட்டிவிட்டு சுருளைக் காட்டச் சொன்னார். துரொலியை விடும் முன் பையன் வயரை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.